கற்கண்டு கரைந்தால் தெளிவு, பால் கலந்தால் கலங்கல்: ஏன்?

கேள்வி இது. ஆறாம் வகுப்பு படிக்கும் மகளிடம், வீட்டிலிருக்கும் பொருள்களைக் ‘கரையும், கரையாது’ என்றும், ‘ஒளி ஊடுருவும், பகுதி ஊடுருவும், ஊடுருவாது’ என்றும் பட்டியல் போட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் பட்டியலை விட்டுவிட்டு அம்மாவைக் கேட்கத் தொடங்கிவிட்டாள். சர்க்கரையும் தண்ணீரில் கலக்கிறது, பாலும் கலக்கிறது. அப்புறம் ஏன் ஒன்று தெளிவு, மற்றது கலங்கல்? கற்கண்டு கண்ணாடி மாதிரி இருக்கிறது, இடித்தால் ஏன் வெள்ளையாகிறது? ஜவ்வரிசியை எந்தப் பத்தியில் எழுதுவது? தேன் பாட்டிலின் அடியில் உறைந்திருப்பது கலப்படமா? இந்த நான்குக்கும் அம்மா பதில் கேட்டிருக்கிறார்.

முதல் மூன்றும் உண்மையில் ஒரே கேள்விதான். பாடப்புத்தகத்தில் கரைதிறன் ஒரு தலைப்பாகவும் ஒளி ஊடுருவுதல் வேறொரு தலைப்பாகவும் இருப்பதால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரித் தெரிகிறது. சமையலறையில் இரண்டும் சேர்ந்தேதான் நடக்கின்றன. ஒளி போகும் வழியில் எத்தனை எல்லைகள் குறுக்கே வருகின்றன என்பதைப் பொறுத்தே ஒரு பொருள் தெளிவாகவோ வெள்ளையாகவோ தெரிகிறது. கரையும்போது அந்த எல்லைகள் இல்லாமல் போகின்றன.

எல்லை என்று நான் சொல்வது, ஒரு பொருள் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தை. ஒளி ஒவ்வொரு பொருளுக்குள்ளும் ஒவ்வொரு வேகத்தில் போகிறது. அந்த வேகம் எவ்வளவு குறைகிறது என்பதைச் சொல்லும் அளவுதான் ஒளிவிலகல் எண். காற்றுக்கு அது ஏறக்குறைய 1, தண்ணீருக்கு 1.33, தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 1.45, சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 1.5, சர்க்கரைப் படிகத்துக்கு அதைவிடச் சற்று அதிகம். எண் மாறும் ஒவ்வொரு எல்லையிலும் ஒளியில் ஒரு பங்கு திரும்பிவிடும், மீதி கொஞ்சம் வளைந்து உள்ளே போகும். காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நேராக நுழையும் ஒளியில் சுமார் 4 சதவீதம் திரும்புகிறது. அதே கண்ணாடி தண்ணீருக்குள் இருந்தால் அரை சதவீதம்கூடத் திரும்புவதில்லை. தொட்டித் தண்ணீரில் மூழ்கிய கண்ணாடித் துண்டைத் தேடி எடுப்பது சிரமமாக இருப்பது இதனால்தான்.

இப்போது கற்கண்டுக்கு வருவோம். பெரிய கற்கண்டு ஒன்றை விளக்கின் முன் பிடித்துப் பாருங்கள். உள்ளே போன ஒளி மறுபக்கம் வருகிறது. வழியில் இரண்டே எல்லைகள், உள்ளே நுழையும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று. அதே கற்கண்டை அம்மியிலோ மிக்ஸியிலோ பொடித்துவிட்டால் ஆயிரக்கணக்கான துகள்கள், ஒவ்வொரு துகளைச் சுற்றியும் காற்று. ஒளி நுழைந்து, வெளியேறி, அடுத்த துகளில் நுழைந்து, ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் திரும்பி, கடைசியில் நான்கு பக்கமும் சிதறிப் பெரும்பகுதி நம் கண்ணுக்கே திரும்பி வந்துவிடுகிறது. எந்த நிறத்தையும் பொருள் விழுங்கவில்லை, எல்லா நிறமும் சமமாகச் சிதறித் திரும்புகின்றன. அதைத்தான் வெள்ளை என்று பார்க்கிறோம். கற்கண்டு வெள்ளைப் பொருளாக மாறிவிடவில்லை. பொடியைக் கையில் வைத்திருக்கும்போதும் அதில் ஒவ்வொரு துகளும் கண்ணாடி போலத் தெளிவானதுதான். கல் உப்புக்கும் தூள் உப்புக்கும், ஐஸ் கட்டிக்கும் ஃப்ரீசரில் படியும் பனிக்கும் உள்ள வித்தியாசமும் இதுவே.

இதை மகளே சோதித்துப் பார்க்கலாம். மூன்று சிறிய கிண்ணங்களில் சீனி போடுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள், இரண்டாவதில் தேங்காய் எண்ணெய், மூன்றாவதில் தண்ணீர். எண்ணெயில் சீனி கரையாது. எவ்வளவு நேரம் கலக்கினாலும் பல்லில் நறநறவென்று கடிபடும். ஆனால் அதன் வெள்ளை சட்டென்று மங்கிவிடும். துகள்களுக்கு இடையில் இருந்த காற்றின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டதும் எல்லைகள் பலவீனமாகிவிட்டன. தண்ணீரில் எல்லையே இல்லாமல் போகிறது. கரையாமலே தெளிவு கூடுவதும், கரைந்து தெளிவாவதும் வேறு வேறு என்று அவளுக்கு இந்த இரண்டு கிண்ணமும் காட்டிவிடும். பஜ்ஜி வைத்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் வெளிச்சத்தை விடுவதும், நனைந்த வெள்ளை வேட்டியில் உடல் தெரிவதும் எண்ணெய்க் கிண்ணத்தின் கதைதான். அங்கே நார்களுக்கு இடையில் இருந்த காற்றை எண்ணெயும் தண்ணீரும் வெளியேற்றிவிட்டன.

தண்ணீர்க் கிண்ணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அசைவு அடங்கியதும், நூலில் கட்டிய கற்கண்டை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே தொங்கவிடுங்கள். பின்னால் ஒரு வெளிச்சம் இருக்கட்டும். கற்கண்டின் அடியிலிருந்து மெல்லிய இழைகள் நெளிந்து நெளிந்து கீழே இறங்குவது தெரியும். சர்க்கரை அடர்த்தியாகக் கரைந்த நீர் கனமானது, அதனால் இறங்குகிறது. அதன் ஒளிவிலகல் எண் சுற்றியுள்ள நீரைவிட அதிகம், அதனால் கண்ணுக்குத் தெரிகிறது. கலக்கியதும் இழைகள் மறையும். கரைசல் எங்கும் ஒரே மாதிரி ஆகிவிட்டது, ஒளி திரும்ப எல்லை இல்லை. சர்க்கரை காணாமல் போகவில்லை. தராசில் வைத்தால் தண்ணீரின் எடையோடு சர்க்கரையின் எடையும் அப்படியே இருக்கும்.

பால் இங்கேதான் சர்க்கரையிலிருந்து வேறுபடுகிறது. சர்க்கரை கரையும்போது தனித்தனி மூலக்கூறுகளாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு சர்க்கரை மூலக்கூறின் அளவு சுமார் 1 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நாம் பார்க்கும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. இவ்வளவு சின்னதை ஒளி அநேகமாகப் பொருட்படுத்தாமலே கடந்துவிடும். பாலில் இருக்கும் கொழுப்புத் துளிகளோ 100 நானோமீட்டரிலிருந்து 10,000 நானோமீட்டர் வரை இருக்கின்றன. கேசீன் என்ற புரதமும் நூறு, இருநூறு நானோமீட்டர் அளவு உருண்டைகளாகத் திரண்டு மிதக்கிறது. இவை ஒளியைச் சிதறடிக்கப் போதுமான அளவு. ஆக, பால் தண்ணீரில் கலக்கிறது, ஆனால் முழுக்கக் கரைவதில்லை. இந்த மாதிரி கலவைக்குக் கூழ்மம் என்று பெயர்.

பாலில் கரைந்த பொருள் இல்லையா என்றால், இருக்கிறது. எலுமிச்சைச் சாறு விட்டுப் பனீர் எடுக்கும்போது மெல்லிய துணியில் வடிகட்டிப் பாருங்கள். கொழுப்பும் கேசீனும் துணியில் தங்கிவிடும். கீழே வடியும் நீர் இளம் பச்சை மஞ்சளாக, ஓரளவு தெளிவாக இருக்கும். பாலின் சர்க்கரையான லாக்டோஸ் அதில் கரைந்திருக்கிறது. 100 மில்லி பாலில் ஏறக்குறைய 5 கிராம். அந்தப் பச்சைச் சாயல் ரைபோஃபிளேவின் என்ற வைட்டமினுடையது. பாலில் அது எப்போதும் இருந்ததுதான், வெள்ளை விலகியதும் தெரிகிறது.

கரைந்ததா, வெறுமனே கலந்ததா என்று கண்டுபிடிக்க வீட்டில் செய்யக்கூடிய நல்ல வழி செல்போன் டார்ச். இருட்டறையில் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர், இன்னொரு டம்ளர் தண்ணீரில் சில துளி பால். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் அடித்தால் சர்க்கரைத் தண்ணீரில் ஒளியின் பாதை தெரியாது. பால் துளி விட்டதில் கோடு போட்டதுபோல் தெரியும். 1869-இல் இயற்பியலாளர் ஜான் டிண்டால் ஆராய்ந்ததால் இதை டிண்டால் விளைவு என்கிறார்கள். இன்னும் ஒரு விஷயம் கவனியுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் அந்தப் பால் தண்ணீர் லேசான நீலம், டார்ச்சுக்கு நேர் எதிரே டம்ளர் வழியாகப் பார்த்தால் மஞ்சளோ செம்மஞ்சளோ. சிறிய துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன, சிவப்புப் பக்கம் தப்பித்து நேராக வருகிறது. வானம் நீலமாகவும் மாலைச் சூரியன் சிவப்பாகவும் தெரிவதும் இந்த வகைச் சிதறலால்தான்.

ஒரு முன்னெச்சரிக்கை: பாக்கெட் தூள் உப்பைக் கரைத்தால் தண்ணீர் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அவள் ‘உப்பு முழுக்கக் கரையவில்லை’ என்று எழுதிவிடக்கூடும். உப்பு கட்டிப்படாமல் உதிரியாக இருக்க அதில் சேர்க்கும் பொருள் நீரில் சரியாகக் கரைவதில்லை, மங்கல் அதனுடையது. கலக்கும்போது ஏறும் காற்றுக் குமிழிகளும் சேர்ந்துகொள்ளும். கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

‘கரையும், கரையாது’ என்று இரண்டே பத்தி போடச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. எதில், எவ்வளவு, எந்தச் சூட்டில் என்று மூன்றும் சேர்ந்தால்தான் அந்தக் கேள்விக்கு அர்த்தம் வரும்.

எவ்வளவு, எந்தச் சூட்டில் என்பதை முதலில் பார்ப்போம். அறை வெப்பத்தில் 100 கிராம் தண்ணீர் சுமார் 36 கிராம் உப்பைக் கரைக்கும். கொதிக்க வைத்தாலும் 39 கிராம்தான், பெரிய வித்தியாசம் இல்லை. சர்க்கரையோ அறை வெப்பத்திலேயே 200 கிராம், அதாவது தண்ணீரைப்போல இரண்டு மடங்கு எடை. கொதிநிலையில் 480 கிராமுக்கும் மேல். பாகு காய்ச்சி இனிப்புச் செய்ய முடிவது இந்தப் பெரிய இடைவெளியால்தான். சூட்டில் கரைந்தது ஆறும்போது தண்ணீரால் தாங்க முடியாத அளவாகி, படிகமாக வெளியே வரப் பார்க்கும். நிதானமாக வரவிட்டால் நூலில் படியும் கற்கண்டு. கரண்டி போட்டு அடித்துக் கலக்கினால் பொடிப் பொடியாகப் பூத்துவிடும். அது வேண்டாம் என்றால் பாகில் சில துளி எலுமிச்சைச் சாறு விடுவார்கள். புளிப்பு, சர்க்கரையில் ஒரு பங்கை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று உடைத்துவிடுகிறது. வேறு வேறு மூலக்கூறுகள் நடுவில் வந்தால் படிகம் வரிசையாக அடுக்கிக்கொள்ள முடிவதில்லை.

எல்லாமே சூட்டில் அதிகமாகக் கரையும் என்று நினைக்க வேண்டாம். நீற்றிய சுண்ணாம்பு 20 டிகிரி செல்சியஸில் 100 மில்லி தண்ணீரில் சுமார் 0.17 கிராம் கரையும், கொதிநீரில் அதில் பாதிகூடக் கரையாது. காற்றும் அப்படியே. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும், 30 டிகிரியில் ஏழரை. அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்கு வெகு முன்பே பாத்திரத்தின் ஓரங்களில் பொடிக் குமிழிகள் ஒட்டுமே, அது கரைந்திருந்த காற்று வெளியேறுவது. ஐஸ் ட்ரேயில் தண்ணீர் உறையும்போதும் அந்தக் காற்றுக்குப் பனிக்கட்டியில் இடம் கிடைப்பதில்லை. உறைவது ஓரத்திலிருந்து உள்ளே போகும். காற்று நடுவே தள்ளப்பட்டுக் குமிழிகளாகச் சிக்கிக்கொள்ளும். அதனால் ஐஸ் கட்டியின் ஓரம் கண்ணாடியாகவும் நடுப்பகுதி வெள்ளையாகவும் இருக்கிறது. கரைதிறனும் ஒளி ஊடுருவுதலும் ஒரே கட்டிக்குள் இருக்கின்றன. நான் ஆசிரியராக இருந்தால் இரண்டு பாடத்தையும் இந்த ஐஸ் கட்டியில்தான் தொடங்குவேன்.

எதில் என்ற கேள்விக்கு மஞ்சள் தூள் நல்ல உதாரணம். மகள் அதைத் தண்ணீரில் கலக்கினால் கலங்கல் வரும், கொஞ்ச நேரத்தில் அடியில் படியும், ‘கரையாது’ என்று எழுதுவாள். சரிதான். அதே தூளை எண்ணெயில் போட்டு வைத்தால் தூள் அடியில் இறங்கும், மேலே நிற்கும் எண்ணெய் மட்டும் தெளிவான மஞ்சளாகிவிடும். ஸ்பிரிட் கலந்த சானிடைசரில் இன்னும் வேகமாக. நிறம் தரும் குர்குமின், தண்ணீரில் அநேகமாகக் கரையாது. எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும். மிளகாயின் காரமும் இதே ரகம். வாய் எரியும்போது தண்ணீரைவிடப் பாலோ தயிரோ கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். தண்ணீர் மூலக்கூறின் ஒரு பக்கம் லேசான நேர்மின்னூட்டமும் மறுபக்கம் லேசான எதிர்மின்னூட்டமும் உள்ளவை. உப்பின் அயனிகளையும் (மின்னூட்டம் உள்ள துகள்கள்), சர்க்கரையில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்திருக்கும் ஹைட்ராக்ஸில் தொகுதிகளையும் அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எண்ணெயிடம் அப்படிப் பிடிக்க எதுவும் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது டெட்டால். பாட்டிலில் அது தெளிவான பழுப்பு நிறத் திரவம். தண்ணீரில் ஊற்றிய கணத்தில் பால் வெள்ளை. அதிலுள்ள எண்ணெய்ப் பொருள்கள் பாட்டிலுக்குள் ஆல்கஹாலின் துணையோடு கரைந்திருக்கின்றன. வாளித் தண்ணீரில் ஆல்கஹால் நீர்த்துப்போனதும் அவை கரைந்திருக்க முடியாமல் நுண்ணிய துளிகளாக வெளியே வருகின்றன. துளி வந்தால் எல்லை வந்தது, எல்லை வந்தால் வெள்ளை வந்தது. ‘தண்ணீரில் கலந்தால் கரையும்’ என்று எல்லோரும் நினைக்கும் இடத்தில், உண்மையில் கரைந்திருந்தது கரையாமல் போவதை அவள் தன் கண்ணாலேயே பார்க்கலாம்.

இனி ஜவ்வரிசி. பட்டியலில் அதற்கு ஒரு பத்தி போதாது. சேலம் பக்கம் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கும் மாவைத்தான் உருட்டி, வறுத்து, காயவைத்து ஜவ்வரிசியாக்குகிறார்கள். காய்ந்த ஜவ்வரிசி சுண்ணாம்பு வெள்ளை: உள்ளே மாவுத்துகள், துகளுக்கு இடையில் காற்று. கொதிநீரில் வேகும்போது மாவுத்துகள்கள் நீரை உறிஞ்சி ஊதி, ஒன்றோடொன்று சேர்ந்து, இடையிலிருந்த காற்று போய்விடும். ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கண்ணாடியாகிக்கொண்டே வரும். நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு மிச்சமிருந்தால் இன்னும் வேகவில்லை என்று சொல்லி அடுப்பை அணைக்காமல் விடுவார்களே, அந்தப் பொட்டு தண்ணீர் போய்ச் சேராத இடம். கவனியுங்கள், இங்கே மாவு கரையவில்லை. நீரில் ஊறி ஒரே கூழாகியிருக்கிறது.

கதை இத்துடன் முடியவில்லை. அந்தக் கூழை வெயிலில் காயவைத்து வத்தலாக்கினால் தண்ணீர் போனபின்னும் அது கண்ணாடி போலவே இருக்கும். கூழ் இறுகியதே தவிர உள்ளே காற்று புகவில்லை. அந்த வத்தலைக் காய்ந்த எண்ணெயில் போட்டால் மிச்சமிருந்த ஈரம் ஆவியாகிப் பொங்கி, ஆயிரம் குமிழியோடு மறுபடி வெள்ளை வெளேர். வெள்ளை, கண்ணாடி, கண்ணாடி, வெள்ளை என்று நான்கு நிலை. நான்கிலும் பொருள் அதே மாவுதான். மகள் பத்தியில் எழுதும்போது ‘காய்ந்த ஜவ்வரிசி: ஒளி ஊடுருவாது, வெந்த ஜவ்வரிசி: பகுதி ஊடுருவும்’ என்று இரண்டு வரியாக எழுதட்டும். ஆசிரியர் ஏன் என்று கேட்டால் சொல்லக் காரணம் இப்போது அவளிடம் இருக்கிறது.

வெங்காயத்தைக் கண்ணாடிப் பதம் வரும்வரை வதக்கச் சொல்வதும் இதே வகை: செல்கள் சிதைந்து, இடையில் காற்று இருந்த இடத்தைச் சாறு நிரப்புகிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறையும், மார்கழிக் காலையில் பாட்டிலில் வெள்ளையாக நிற்பது பொடிப் படிகங்களின் கூட்டம். முட்டையின் வெள்ளைக்கரு எதிர்த்திசையில் போகிறது. பச்சையாகத் தெளிவு, வெந்ததும் புரதங்கள் திரண்டு வெள்ளை.

இவ்வளவும் எல்லைகளைப் பற்றியது. எல்லையே இல்லாத ஒரே துண்டாக இருந்தும் இரும்புத் தகடு ஏன் ஒளியை விடுவதில்லை என்று அவள் அடுத்துக் கேட்பாள், கேட்க வேண்டும். அங்கே காரணம் வேறு. உலோகத்தில் எலக்ட்ரான்கள் கட்டில்லாமல் அலைகின்றன; வரும் ஒளியை அவை உடனே எதிரொளித்தும் உறிஞ்சியும் விடுகின்றன. கண்ணாடியில் எலக்ட்ரான்கள் இறுகப் பிடிபட்டிருக்கின்றன, கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அவற்றை அசைத்து மேலே ஏற்றும் ஆற்றல் இல்லை, அதனால் கடந்துபோகிறது. புறஊதாக் கதிருக்கு அந்த ஆற்றல் இருப்பதால் அதில் ஒரு பங்கை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும். சூடான பொருள்கள் வெளியிடும் வெப்பக் கதிர்களையும் தடுக்கும். ஆக நமக்குத் தெளிவான அதே கண்ணாடி, அந்தக் கதிர்களுக்குச் சுவர். தடிமனும் முக்கியம். ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமனுக்குத் தட்டிய தங்க ரேக்கை வெளிச்சத்தில் பிடித்தால் பச்சை ஒளி ஊடுருவி வரும். தெளிவு என்று நாம் சொல்லும் தண்ணீரோ சிவப்பு ஒளியைச் சிறுகச் சிறுக உறிஞ்சுகிறது. டம்ளரில் தெரியாது, பல மீட்டர் ஆழத்தில் நன்றாகத் தெரியும்.

திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது பிடித்துக்கொண்ட கேள்வி இதுதான். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்ற விளக்கம் அவருக்குப் போதவில்லை. ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் நிக்கோல் பட்டகத்தால் பிரதிபலிப்பை விலக்கிப் பார்த்தார், நீலம் அப்படியே இருந்தது. தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். சிவப்பை நீர் உறிஞ்சுவதும் அதோடு சேர்கிறது. திரவங்களில் ஒளிச்சிதறலை விடாமல் ஆராய்ந்த அந்தப் பாதைதான் 1928 பிப்ரவரி 28-இல் ராமன் விளைவுக்கும் (சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறுவது), 1930-இல் நோபல் பரிசுக்கும் கொண்டுபோனது. உங்கள் மகள் கேட்டதும் தெளிவான தண்ணீரைப் பற்றித்தான். சின்னக் கேள்வி என்று யாரும் ஒதுக்க வேண்டியதில்லை.

கடைசியாகத் தேன். உறைவது கலப்படத்துக்கு அடையாளம் இல்லை. தேனில் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குக்குள்தான் இருக்கும், மீதி பெரும்பாலும் சர்க்கரைகள். தண்ணீர் தாங்கக்கூடியதைவிட அதிகம் என்பதால், அதில் குறைவாகக் கரையும் குளுக்கோஸ் குளிர்ச்சியில் மெல்லப் படிகமாகி அடியில் இறங்குகிறது. பாகு பூப்பதும் இதுவும் ஒன்றே. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுக் கரையாமல் அடிக்குப் போனால் சுத்தத் தேன் என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் அப்படியே அடிக்குப் போகும். உறைந்த தேனை அடுப்பில் நேராக வைக்காமல், பாட்டிலை மூடியோடு கை பொறுக்கும் சூட்டிலுள்ள வெந்நீரில் நிறுத்திவையுங்கள். படிகங்கள் கரையக் கரைய வெள்ளை மேலிருந்து கீழே விலகிக்கொண்டே வரும். அதையும் பட்டியலில் ஒரு வரியாக அவள் சேர்த்துக்கொள்ளலாம்.